ஐஸ் வைத்துக் கொடுத்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

குற்றம் செய்ததாகத் தீர்ப்பான சிறுவர்களைத் தங்க வைக்கும் சிறப்பு இல்லத்துப் பையன்களுக்கு, கோபத்தையும் வேதனையையும் சமாளிக்கப் பழக்க 12 வாரமாக நடத்திய வகுப்பு போன சனிக்கிழமை முடிந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு பையன்களை அடையாளம் காட்டக் கூடாது என்கிறது. அதனால் ஊரையும் எழுதவில்லை, உங்கள் பெயர்களையும் எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி சமையல்கார அண்ணனுக்கு. நான் சொல்லிக் கொடுத்தது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி. கொந்தளிக்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கப் பழக்கும் மனநல சிகிச்சை அது. தற்கொலை எண்ணத்தோடு போராடியவர்களுக்காக அமெரிக்காவில் மார்ஷா லைனஹன் உருவாக்கியது. பயிற்சிக் கையேடு 1993இல் வந்தது. பின்னாளில் வாஷிங்டன் மாநிலத்தில் காவலில் இருந்த சிறுமிகளுக்கும் கற்றுத் தந்தார்கள். அதில் ஒரு பாடம், கோபம் தலைக்கேறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் வைப்பது. இதயத் துடிப்பு இறங்கும், யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இதயக் கோளாறு இருந்தால் செய்யக் கூடாது என்பதால் எல்லோரையும் முன்பே பரிசோதித்துக் கொடுத்த டாக்டருக்கும் நன்றி. சரி, ஐஸுக்கு எங்கே போவது? அண்ணே, நீங்கள்தான் சாம்பார் வேலைக்கு நடுவில் எவர்சில்வர் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தீர்கள். "ராத்திரி ஒருத்தன் கேட்டான், எடுத்துக் கொடுத்துட்டேன், தப்பா மேடம்?" என்றீர்களே. தப்பே இல்லை அண்ணே. அன்றைக்கு அவன் யார் மேலும் கை வைக்கவில்லை.

இரவுப் பணிக் காவலர் ஐயா, நான் வருவது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். சண்டை வருவதோ டிவியை அணைத்த பிறகு. முதல் வாரம் கதவோரம் நின்று கேட்ட நீங்கள், நான்காம் வாரம் வட்டத்தில் உட்கார்ந்தீர்கள். அப்புறம் 'சங்கிலி' போடவும் கற்றுக்கொண்டீர்கள். அடிக்கு முன்னால் என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, உடம்பில் எங்கே சூடு ஏறியது, எந்தக் கண்ணியில் விலகியிருக்கலாம் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவது. "ஏண்டா அடிச்ச?" என்பது மாறி "அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்டதைக் கேட்ட இரவு வீட்டுக்குப் போயும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

தமிழாசிரியருக்கு ஒரு நன்றி. வேதனையான நேரத்தை நிலைமையைக் கெடுத்துக்கொள்ளாமல் கடக்கும் பாடத்துக்கு 'துயர் தாங்கு திறன்' என்று நான் எழுதி வந்த தாளைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். நீங்கள் அதை அடித்துவிட்டு 'பல்லைக் கடிச்சுத் தாண்டுறது' என்று எழுதினீர்கள். அன்றோடு பாடம் அவர்களுடையதாகிவிட்டது.

கண்காணிப்பாளருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் நன்றி. அம்மாவோடு கூடுதலாக ஒரு தடவை போனில் பேச வேண்டும் என்று, கத்தாமல், காரணம் சொல்லி ஒருவன் கேட்டபோது உடனே அனுமதித்தீர்கள். கேட்டால் கிடைக்கும் என்று அவன் அன்றுதான் முதல்முறையாகக் கண்டான்.

தம்பிகளா, அன்றன்றைக்கு மனசில் என்ன ஓடியது, என்ன செய்தீர்கள் என்று குறிக்கும் அட்டையை நாள்தோறும் நிரப்பியதற்கு நன்றி. பொய் எழுதிய நாட்களையும் பிறகு நீங்களே வந்து சொன்னீர்கள், அதற்கு இன்னும் பெரிய நன்றி.

அண்ணே, ஐஸ் ட்ரே நான்கு வாங்கிவிட்டேன். அடுத்த குழு திங்கட்கிழமை தொடங்குகிறது, வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சனிக்கிழமை மேடம்