எவர்கிரீன் கல்லறைத் தோட்டம்: மூன்றாவது மனு

அனுப்புநர்: எவர்கிரீனில் பாட்டியை அடக்கம் செய்த குடும்பத்தின் பேத்தி, ரிச்மண்ட், வர்ஜீனியா.

பெறுநர்: கல்லறைத் தோட்டப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்.

பொருள்: கீழ்ச்சரிவில் புதர் அகற்றிப் பாதை அமைத்துத் தர வேண்டுதல்.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த இரண்டு மனுக்கள். பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தோட்டம் இருக்கும் இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1903-இல் வங்கி தொடங்கிய மேகி வாக்கர் அம்மையாரின் கல்லறையைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். என் மனு அதற்குக் கீழே உள்ள சரிவைப் பற்றியது.

1. வெள்ளையரின் கல்லறைத் தோட்டங்களில் இடம் கிடைக்காத காலத்தில், 1891-இல், கறுப்பின மக்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட இடம் இது. நிரந்தரப் பராமரிப்பு நிதி கிடையாது. அவரவர் குடும்பமே புல் செதுக்கியது. பிள்ளைகள் ஊரை விட்டுப் போனார்கள், காடு உள்ளே வந்தது.

2. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்புப் படையினரின் கல்லறைகளுக்கு மாநிலக் கருவூலம் பல பத்தாண்டுகள் பணம் கொடுத்தது. இந்தத் தோட்டத்துக்கும் பக்கத்து ஈஸ்ட் எண்ட் கல்லறைத் தோட்டத்துக்கும் கல்லறைக்கு 5 டாலர் என்று சட்டம் வந்தது 2017-இல்தான். தாமதத்தைப் பற்றி நான் பேசவில்லை. பேசினால் மனு நீளும்.

3. என் அம்மாவுக்கு 84 வயது. பாட்டியை அடக்கம் செய்தபோது அவருக்குப் பதினேழு. கல் வைக்க வசதியில்லை. ஈமச்சடங்கு நிலையத்தார் கொடுத்த சிறு தகரப் பலகையை நட்டார்கள், கண்ணாடிக்குள் பெயர் எழுதிய காகிதம். போன வசந்தத்தில் அப்படி ஒரு பலகையைக் கண்டெடுத்தேன். ஐவி கொடி அதைச் சுற்றி இறுக்கியிருந்தது. கொடியை அறுத்துத் துடைத்துப் பார்த்தால் கண்ணாடி மட்டும் இருக்கிறது, காகிதம் மண்ணாகிவிட்டது. அது பாட்டியுடையதா, அடுத்த வீட்டாருடையதா? அம்மா மேலே காரில் பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைத்தடி ஊன்றி இறங்கினால் அமிழ்ந்த குழிகள், முள், யாரோ கொண்டுவந்து கொட்டிய டயர்கள். "கிடைத்ததா?" என்று கேட்டார். நான் என்ன சொல்லட்டும், ஐயா? தங்கள் தாயாரைப் பார்க்கத் தாங்கள் டயர் தாண்டியா போகிறீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அந்த வரியை அடிக்கப்போவதில்லை.

4. தோட்டத்தின் பொறுப்பை ஏற்றிருந்த அறக்கட்டளையும் 2022-இல் கலைந்தது. அடக்கப் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்றாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

5. பாதை. ஒரு சக்கர நாற்காலி போகும் அகலம் போதும்.

தன்னார்வலர்கள் சனிக்கிழமைதோறும் அரிவாளோடு வருகிறார்கள். ஆனால் ஐவி எல்லாக் கிழமையும் வளர்கிறது. கூலியாட்களையும் மரம் அறுக்கும் இயந்திரத்தையும் அனுப்ப வேண்டியது தங்கள் அலுவலகம். மீண்டும் கேட்கிறேன்: பாதை, புதர், பதிவேடு. மூன்றும் முடியாதென்றால் முதலில் பாதை.

தாங்கள் பார்வையிட வரும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள். அம்மாவையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்