பெட்டி இல்லாமல் வந்தவன்

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பெயர் வைத்ததும் உடனே எழுது. இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. அண்ணன் வந்து சில நாள் தங்கிவிட்டுப் போனான். மழைதான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாயே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். லீ சைல்ட் எழுதிய 'கில்லிங் ஃப்ளோர்' என்ற ஆங்கில த்ரில்லர். 1997-இல் வந்தது. ஜாக் ரீச்சர் என்பவனை நாயகனாக வைத்து அவர் எழுதிய முதல் நாவல். மகன் ஊருக்கு வந்தபோது விட்டுப்போனான். எடுத்தால் கீழே வைக்க விடாத கதையைப் படித்து எவ்வளவு காலமாயிற்று! வாடகை நூலகத்தில் மாத நாவல் வாங்கி, ஒரே ராத்திரியில் முடித்து, காலையில் உன் கையில் கொடுப்பேனே, அந்த வேகத்தில் படித்தேன்.

கதை தொடங்கும்போதே ஆளைக் கைது செய்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் மார்கிரேவ் என்று ஒரு சின்ன ஊர், ஆசிரியர் கற்பனையில் கட்டியது. மழையில் நனைந்து நடந்து வந்த ஒருவன் ஓட்டலில் முட்டையும் காபியுமாக உட்கார்ந்திருக்கிறான். துப்பாக்கியோடு போலீஸ் உள்ளே வருகிறது. கொலைப் பழி. அவனோ அந்த ஊருக்கு வந்து அரை நாள்கூட ஆகவில்லை. ராணுவப் போலீஸில் மேஜராக இருந்து வெளியேறியவன். ஆறடி ஐந்தங்குல உயரம். வீடு, கார், பெட்டி எதுவும் கிடையாது. கால் போன போக்கில் பஸ் ஏறுகிறான், தோன்றிய இடத்தில் இறங்குகிறான்.

இங்கே இறங்க ஒரு காரணம் உண்டு. பிளைண்ட் பிளேக் என்ற பழைய ப்ளூஸ் கிதார் கலைஞர் இந்த ஊரில்தான் இறந்தார் என்று அவனுடைய அண்ணன் எப்போதோ எழுதியிருக்கிறான். பிளேக் நிஜமாகவே வாழ்ந்தவர். 1926 முதல் 1932 வரை இசைத்தட்டுகள் கொடுத்துவிட்டுக் காணாமல் போனார். நாவல் வந்த காலத்தில் அவருடைய முடிவு யாருக்கும் சரியாகத் தெரியாது. 1934-இல் மில்வாக்கியில் இறந்தார் என்று காட்டும் சான்றிதழை ஆய்வாளர்கள் வெளியிட்டது 2011-இல்தான். எவருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியைத் தேடி ஒருவனைப் பஸ்ஸை விட்டு இறக்கிய ஆசிரியரின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

எனக்கு ரொம்பப் பிடித்தது ரீச்சரின் விருப்பமின்மை. பழி தன்மேல் இல்லை என்றானதும் அவன் கிளம்பத்தான் பார்க்கிறான். செத்தவன் யார், கொன்றவன் யார் என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை. அடுத்த பஸ் எப்போது என்பதுதான் அவன் கேள்வி. நாம் படித்து வளர்ந்த துப்பறியும் கதைகளை நினைத்துப்பார். கணேஷ்–வசந்த், பரத்–சுசீலா, நரேன்–வைஜயந்தி. எல்லோரும் ஜோடி. வழக்கு அவர்களைத் தேடி வரும். ஏற்றுக்கொள்வார்களா என்ற சந்தேகமே நமக்கு வராது. ஒருவர் கிண்டலடிப்பார், மற்றவர் யோசிப்பார், அந்தப் பேச்சில் கதை ஓடும். ரீச்சருக்குப் பேச ஆளில்லை. முழுக் கதையையும் அவனே 'நான்' என்று சொல்கிறான். போக நினைப்பவனை எது நிறுத்தும் என்று நாம் காத்திருக்கிறோம் பார், அதிலேயே பாதி வேகம் வந்துவிடுகிறது. நிறுத்துவது எது என்று சொல்லமாட்டேன். அந்த இடம் வந்தபோது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவன் மனம் வறண்டவனாக எனக்குத் தெரியவில்லை, கோமு. ஒட்டிக்கொண்டால் விடமாட்டான், அது அவனுக்கே தெரியும். அதனால்தான் எதிலும் ஒட்டாமல் திரிகிறான்.

சண்டைக் காட்சிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் அவற்றை வழக்கமாகத் தாண்டிப் போகிறவள். இதில் முடியவில்லை. ஜெயில் குளியலறையில் ஒரு கூட்டம் அவனைச் சூழ்கிறது. அங்கே ஆசிரியர் வேகத்தைக் குறைத்துவிடுகிறார். யார் தலைவன், யாரை முதலில் அடித்தால் மற்றவர்கள் தயங்குவார்கள் என்று அவன் கணக்குப் போடுகிறான். சில நொடிகளில் முடிகிற விஷயத்தை அவ்வளவு நிதானமாக எழுதுகிறார். மாறாக, ஊர்விட்டு ஊர் போவதெல்லாம் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. வாக்கியங்கள் குட்டி குட்டியானவை. அகராதி தேட வேண்டியதில்லை.

மார்கிரேவும் சும்மா பின்னணியாக நிற்கிற ஊர் இல்லை. புல்லெல்லாம் ஒழுங்காக வெட்டி, கடைகளுக்குப் புது வண்ணம் அடித்து எல்லாம் பளபளப்பாக இருக்கிறது. ஆனால் கடைகளில் வியாபாரமே இல்லை. அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி கொலையைவிட என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. விடை கிடைக்கும்போது அது எப்படி நடக்கிறது என்ற நுணுக்கத்தையும் சேர்த்தே சொல்கிறார்.

குறையும் உண்டு. கதையின் நடுமையத்தில் ஒரு பெரிய தற்செயல் இருக்கிறது. இத்தனை பெரிய நாட்டில் இவன் இந்த ஊரில்தான் இறங்கவேண்டுமா என்று தோன்றும். கடைசிப் பகுதியில் ரத்தமும் எனக்கு அதிகம். நீ அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டு.

ஆசிரியரின் கதை இன்னொன்று. லீ சைல்ட் புனைபெயர், இயற்பெயர் ஜிம் கிராண்ட். 1954-இல் கோவென்ட்ரியில் பிறந்த ஆங்கிலேயர். மான்செஸ்டரில் கிரானடா டெலிவிஷனில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தார். 1995-இல் ஆள்குறைப்பில் வேலை போயிற்று, நாற்பது வயதில். பென்சிலும் தாளும் வாங்கி எழுதத் தொடங்கியதுதான் இந்த நாவல். தொடங்கிய நாள் செப்டம்பர் 1 என்பதால் பின்னால் வந்த புத்தகங்களையும் ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் தொடங்கிவந்தாராம். ரீச்சரும் ராணுவத்தில் ஆள் குறைத்த காலத்தில் வெளியே வந்தவன்தான். இதைத் தெரிந்துகொண்டபின் அவனுடைய கோபம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. அண்ணனை மில்லிலிருந்து அனுப்பிய வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். யாரிடமும் பேசாமல் காலையில் கிளம்பி எங்கெங்கோ நடந்துவிட்டு இருட்டியபின் வருவானே. இந்த முறை வந்தபோது அவனும் இந்தப் புத்தகத்தைப் படித்தான். "கையை வீசிக்கிட்டுப் போறான் பாரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அவன் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது.

2022-இல் வந்த டிவி தொடரின் முதல் சீசன் முழுக்க இதே கதைதான் என்று மகன் சொல்கிறான். நீ முதலில் படி, அப்புறம் பார். அடுத்த வாரம் என் நாத்தனார் மகன் திருச்சி வருகிறான், அவனிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே. பாதி வந்ததும் யார்மேல் சந்தேகம் என்று எனக்குப் போன் பண்ணு. நான் வாயைத் திறக்கமாட்டேன்.

குழந்தையை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் வள்ளி