கறுப்புச் சிலை கேட்டேன், தங்க பெயின்ட் பொம்மை வந்தது: முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். மும்பை மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். சாட்டில் நான்கு தடவை சொல்லியாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் வேறொருவர் வந்து "என்ன பிரச்சினை சார்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா 31 வருஷம் இந்த ஊர் தியேட்டர்களில் ஆபரேட்டராக இருந்தவர். ஃபிலிம்ஃபேர் விருது முதன்முதலில் கொடுக்கப்பட்ட 1954-இல்தான் அவரும் பிறந்தார், அதில் அவருக்குத் தனிப் பெருமை. மெட்ரோ தியேட்டரில் நடந்த அந்த முதல் விழாவில் மொத்தமே ஐந்து விருதுதான்: படம் 'தோ பீகா ஜமீன்', இயக்குநர் பிமல் ராய், நடிகர் திலீப் குமார், நடிகை மீனா குமாரி, இசை நௌஷாத். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். திலீப் குமாரின் எட்டு சிறந்த நடிகர் விருதை ஷாருக் கானும் எட்டிப் பிடித்துவிட்டாரே என்று நான் வாயைத் திறந்தால் அன்றைக்கு எனக்குக் காபி கிடையாது.

அவர் பிறந்தநாளுக்கு ஃபிலிம்ஃபேர் விருதாகக் கொடுக்கும் கறுப்புச் சிலையின் மாதிரி ஒன்று கொடுக்கலாம் என்று உங்கள் தளத்தில் ஆர்டர் போட்டேன். அதை விற்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும், சரி, அது என் தப்பு. ஆனால் "அசல் அளவு, உலோகம், கறுப்பு நிறம்" என்று போட்டு 3,850 ரூபாயும், பீடத்தில் எழுத்துப் பொறிக்கத் தனியாக 400 ரூபாயும் வாங்கியது நீங்கள்.

வந்தது பிளாஸ்டிக். அசல் சிலை வெண்கலம், 46.5 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட 5 கிலோ கனம். உங்களுடையது என் ஸ்கேலுக்குள் அடங்கிவிட்டது, 28 செ.மீ. தூக்கிப் பார்த்தால் உள்ளே காற்று. நிறம் வேறு தங்கம். கேட்டதற்கு "தங்க நிறத்திலும் வரும் சார்" என்கிறார் உங்கள் ஆள். 25-ஆவது வருஷம் வெள்ளியிலும் 50-ஆவது வருஷம் தங்கத்திலும் சிலை கொடுத்தார்கள், உண்மைதான். நான் கேட்டது அதுவா? அந்தச் சிலையை பிளாக் லேடி, கறுப்புப் பெண், என்று ஊரே கூப்பிடுவதற்கு ஒரு காரணம் இருக்குமில்லையா?

அதைக்கூட விடுங்கள். அசல் சிலையில் சிற்பி பான்சாரே வடித்த உருவம் கைகளை மேலே தூக்கி நடனமாடும் பெண். பெட்டிக்குள் இருந்தது நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கும் ஓர் ஆண். ஆஸ்காரின் ஒன்றுவிட்ட தம்பி போலிருக்கிறது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாருடா இவன், பேண்டு வாத்தியக்காரனா?" என்றார். சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் முன்னால்.

அப்புறம் பீடம். "சிறந்த ரசிகர் 1954" என்று நான் டைப் செய்து அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். நீங்கள் பொறித்தது "சிறந்த ரசிகர் 1945". 1945-இல் அந்த விருதும் இல்லை, என் அப்பாவும் இல்லை. "பரவாயில்லை, ஒன்பது வயசு ஏத்திட்டானுங்க" என்று அவர் சிரித்துச் சமாளித்தார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெயர், எழுத்து பொறித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பது உங்கள் விதியாம். நான் சொன்னதைப் பொறித்துவிட்டு, எனக்குப் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் அந்த விதியைக் காட்டுங்கள். நீங்களே தப்பாகப் பொறித்துவிட்டு அதையே காரணமாகச் சொன்னால் எப்படி? அடுத்த ஆர்டருக்கு 300 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். அடுத்த ஆர்டரா! வேண்டாம்.

4,250 ரூபாயும் பணம் கட்டிய அதே கணக்குக்கு ஏழு நாளில் வர வேண்டும். கூப்பனாகவோ வாலட்டிலோ போடாதீர்கள். வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன், படங்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. பொம்மையை எடுத்துப்போக ஆள் அனுப்புவதென்றால் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள். பகலில் அப்பா மட்டும்தான் இருப்பார், டெலிவரிப் பையனை உட்கார வைத்து 1954-லிருந்து ஆரம்பித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஆர்டர் செய்த மகன்