இன்லே ஏரிக்கு வருவதானால்

ரங்கூன்,
ஐப்பசி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மார்கழியில் அத்தானோடும் பிள்ளைகளோடும் வருவதாக எழுதியிருந்தாய். பர்மாவின் ஷான் மலைநாட்டு இன்லே ஏரிக்கு இரண்டு நாள் ஒதுக்கு. ரங்கூனிலிருந்து ஹேஹோவுக்கு விமானத்திலேயே வாருங்கள். பஸ் என்றால் ராத்திரி முழுக்க ஓட்டம். இப்போதைய நிலைமையில் பாதையை நம்ப முடியாது. ஹேஹோவிலிருந்து படகுத்துறை ஊரான நியாங்ஷ்வேக்குக் கார் கிடைக்கும்.

ஏரி இருப்பது சுமார் 880 மீட்டரில். ஏலகிரி உயரம்கூட இல்லை, ஆனால் மார்கழி விடியலில் பல் தந்தியடிக்கும். படகில் ஆளுக்கொரு நாற்காலி, ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து பேர். ஸ்வெட்டரும் காதுக்குப் பஞ்சும் கட்டாயம். டீசல் எஞ்சின் சத்தத்தில் பேச்சே கேட்காது. நடுவில் படகு நின்றால் பயப்படாதே. தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் பாசி சுற்றியிருக்கும். படகுக்காரர் விசிறி மாட்டிய நீளத் தண்டைத் தூக்கி, உருவி எறிந்துவிட்டு மறுபடி இறக்குவார். கோடையில் தண்ணீர் வற்றும்போதுதான் இந்தத் தொல்லை அதிகம்.

வாய்க்கால் முடிந்து ஏரி விரியும் இடத்தில் கூம்புக் கூடையைத் தூக்கி ஒற்றைக்காலில் நிற்பவர்கள் போட்டோவுக்கு நிற்பவர்கள். காசு கொடுப்பது உன் இஷ்டம். நிஜ மீனவர் தள்ளி இருப்பார். படகின் நுனியில் ஒரு காலில் நின்று, மறுகாலைத் துடுப்பில் கொடிபோலச் சுற்றி, இடுப்பிலிருந்து உந்துவார். உட்கார்ந்தால் கோரையும் பாசியும் கண்ணை மறைக்கும். நின்றால் தூரம் தெரியும், வலைக்கு இரண்டு கையும் மிச்சம்.

மிதக்கும் தக்காளித் தோட்டங்களை அவசரமில்லாமல் பார். கோரையும் வேரும் பின்னிய மிதவையை நீளப் பட்டையாக அறுத்து இழுத்துவந்து, மூங்கில் கழி குத்தி நிறுத்துகிறார்கள். மேலே ஏரிச் சேறும் பாசியும் போட்டால் பாத்தி தயார். களையெடுப்பு, பறிப்பு எல்லாம் படகிலிருந்தே. தண்ணீர் ஏறினால் பாத்தியும் ஏறும், பயிர் மூழ்காது. ஆனால் உரமும் பூச்சிமருந்தும் நேரே தண்ணீரில்தான் கலக்கின்றன. பழைய மிதவைகள் கனத்துத் தரைதட்டி ஏரியையே சுருக்குகின்றன. அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு வர மனசு வராது. 2025 மார்ச் 28 பூகம்பத்தில் தண்ணீருக்குள் கால் நட்டுக் கட்டிய வீடுகளும் நிறையச் சரிந்தன.

பவுங்டோஊ கோவிலில் ஐந்து புத்தர் சிலைகள், தங்க ரேக்கு ஒட்டி ஒட்டி உருவமே தெரியாத உருண்டைகளாக இருக்கும். பெண்கள் ஒட்டக் கூடாது. ரேக்கை அத்தானிடம் கொடுத்துவிடு.

சாப்பாட்டுக்கு ஷான் டோஃபு. பெயரைப் பார்த்து சோயா என்று நினைக்காதே, நம் பஜ்ஜிக் கடலைமாவுதான். ஒரு கப் மாவுக்கு மூன்று கப் தண்ணீர், உப்பு, மஞ்சள்தூள். பாதித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதி கொதிக்கும்போது ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். பளபளவென்று ஆகுமுன் இறக்கினால் பச்சைவாடை அடிக்கும், துண்டும் போட வராது. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டால் உறைந்துவிடும். புளிக்கரைசல், வறுத்த பூண்டு, மிளகாய் சேர்த்துப் பிசைந்து தருவார்கள். சென்னை பீச் ஸ்டேஷன் பக்கத்தில் விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோவுக்கு இது பங்காளி.

சந்தை ஐந்து நாளுக்கொரு முறை ஊர் மாறி ஊர் கூடும். அமாவாசை, பௌர்ணமியில் கிடையாது. டிக்கெட் தேதி முடிவானதும் எழுது. அந்த நாளில் சந்தை எந்த ஊரில் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
தம்பி