மறுபதிப்பு நாவல்களில் பிறந்த ஆண்டு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காதல் நாவல்களும் குடும்பத் தொடர்கதைகளும் மறுபடி அச்சாகி வருகின்றன. நந்தனம் புத்தகக் காட்சியில் அவற்றைத் தேடி வருகிறவர்களில் அம்மாவின் அலமாரியில் பார்த்த தலைப்பைக் கேட்கும் இளம் வாசகர்களும் உண்டு. வரவேற்க வேண்டிய விஷயம்தான். ஆனால் வாங்கிய நாவலின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். 'முதற்பதிப்பு: 2022' என்று இருக்கும். கதைக்குள்ளே நாயகி வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் செய்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பதிப்பகத்துக்கு அது முதற்பதிப்புதான், பொய்யில்லை. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும். அரசு நாட்டுடைமை ஆக்கினால் அதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகவே ஒரே நாவல் பல பதிப்பகங்களில், ஆளுக்கொரு 'முதற்பதிப்பு' ஆண்டோடு கிடைக்கிறது. எந்த வார இதழில், எந்த ஆண்டு தொடராக வந்தது என்ற ஒரு வரி மட்டும் எதிலும் இருப்பதில்லை. இந்த வரி இல்லாமல் பழைய காதல் கதையைப் படிப்பவர் கதாபாத்திரங்களைத் தவறாகவே எடைபோடுவார்.

அடிக்கடி கேட்கும் புகார், 'இவ்வளவு கொடுமைப்படுத்துகிற புருஷனை ஏன் விட்டுத் தொலைக்கவில்லை?' என்பது. கதை 1976க்கு முந்தியதா பிந்தியதா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் கொடுமையும் கைவிட்டுப் போவதும் நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழ்வதற்கான காரணங்கள் மட்டுமே. நேரடியாக விவாகரத்துக் கேட்க அவை போதாது. இருவரும் சம்மதித்துப் பிரியலாம் என்ற வழியும் 1976 திருத்தத்தில்தான் வந்தது. 1960களின் நாயகி கடைசி அத்தியாயத்தில் கணவனிடமே திரும்புகிறாள் என்றால், அதில் எழுத்தாளரின் பழமைவாதம் பாதி, வக்கீல் சொல்லியிருக்கக்கூடிய பதில் பாதி. 1980களில் எழுதிய கதையில் அதே முடிவு வந்தால் அந்தச் சலுகை கிடையாது. பொறுப்பு முழுக்க எழுத்தாளருடையது.

இரண்டாம் தாரம் வரும் கதைகளும் அப்படித்தான். சென்னை மாகாணத்தில் இந்து ஆண் இன்னொரு மனைவி கட்டுவதைத் தடுத்த சட்டம் 1949இல் வந்தது. அதற்கு முந்தைய கதையில் மூத்தாள் வாய்மூடி இருப்பதற்கும், 1970களின் கதையில் வாய்மூடி இருப்பதற்கும் அர்த்தம் வேறு. முன்னவளுக்குப் போக வழி இல்லை; பின்னவள் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம், எழுத்தாளர் போகவிடவில்லை.

மலைக்கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, பிறகு நாயகன் 'அது கல்யாணமே இல்லை' என்று கைகழுவும் கதை எத்தனை! இன்று படிப்பவர் அவனை வெறும் புளுகன் என்று நினைப்பார். சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாட்டில் சட்ட அங்கீகாரம் தந்தது 1967ஆம் ஆண்டுத் திருத்தம். அதன்பின் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். ஆனால் உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் நடக்க வேண்டும். அந்தக் கோயில் காட்சியில் பூக்காரக் கிழவி ஒருத்தி நின்றாளா இல்லையா என்பது அலங்காரமில்லை, கதையின் அச்சாணியே அதுவாக இருக்கலாம்.

வயது விஷயத்திலும் கவனம் தேவை. பெண்ணின் திருமண வயது 1978 திருத்தத்தில்தான் 15இலிருந்து 18 ஆயிற்று. பதினாறு வயது நாயகி அதற்கு முன் சட்டத்துக்கு உட்பட்டவள். அண்ணன் கையை எதிர்பார்த்து நிற்கும் தங்கையைப் பற்றியும் ஒன்று: தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குப் பங்கு 1956இலேயே வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது, அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகள்களை விட்டுவிட்டு. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961இலிருந்தே இருக்கிறது. அதற்குப் பின்னும் மாமியார் கூசாமல் சீர் பட்டியல் வாசிக்கும் காட்சிக்குச் சட்டத்தின் மேல் பழிபோட முடியாது.

சட்டம் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. காதலைச் சொல்வதற்கு முன் நாயகன் விடும் அறை, கறுத்த தங்கைக்கு வரன் அமையாத கிளைக்கதை, பெயர் சொல்லாமலே பேச்சுமொழியிலும் சமையலறையிலும் வெளிப்படும் சாதி, பெயரே இல்லாத வேலைக்காரி - இவற்றுக்கு எந்த ஆண்டும் சமாதானம் ஆகாது. மறுபதிப்பில் அவற்றை நைசாக வெட்டிவிடுவதும் சரியில்லை. அறையை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்து மன்னிப்பை மட்டும் வைத்தால், அவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்றே புரியாது.

ஆண்டு இல்லாத பிரதி கையில் இருந்தால் என்ன செய்வது? திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளிலோ வீட்டுப் பரணிலோ கிடைக்கும் பிரதிகளில் தலைப்புப் பக்கமே கிழிந்திருக்கும். அப்போதும் காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம். முதலில் விலை. அணாவில் அச்சாகியிருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முன். 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில்; 1964 ஜூனில் 'நயா' கழன்றுவிட்டது. அட்டையில் அச்சான விலையை மட்டும் நம்புங்கள். உரையாடலில் வரும் 'எட்டணா'வை நம்ப வேண்டாம், ஜனங்கள் அதை அப்புறமும் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது பதிப்பக முகவரி. 'சென்னை-5' என்று முடிந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னதாக இருக்கலாம், ஆனால் உறுதியில்லை, அப்புறமும் அப்படி அச்சிட்டவர்கள் உண்டு. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் நிச்சயம் அதற்குப் பின்.

மூன்றாவது எழுத்து. ணை, லை, ளை, னை நான்கும் மேலே துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கின்றனவா, றா, ணா, னா சுழித்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒகர, ஓகார வரிசையையும் சேர்த்து 13 எழுத்துகளின் வடிவத்தை அரசாணை மாற்றியது 1978இல். இதில் ஒரு சிக்கல்: பல அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகள் தேயும்வரை பழையதையே ஓட்டின, பெரியார் வழி வந்த ஏடுகளோ 1930களிலேயே மாறிவிட்டன. ஆகவே பழைய எழுத்து இருந்தால் 1978க்கு முன் என்றோ, புதியது இருந்தால் அதற்குப் பின் என்றோ முடிவு கட்டாதீர்கள். தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தால் எழுத்தின் புடைப்பு தெரியும். அது ஈய எழுத்து கோத்து அடித்தது. வழவழவென்று இருந்தால் பிற்காலத்து ஆப்செட் அச்சு.

இவை சொல்வது அந்தப் பிரதியின் வயதை. கதையின் வயதுக்குக் கதைக்குள்தான் போக வேண்டும். நாயகன் டிராமில் போனால் 1953க்கு முந்தைய சென்னை. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் தெரிந்தால் 1959ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. பல்லவன் பஸ் என்றால் 1972க்குப் பின், ஜெமினி மேம்பாலம் என்றால் 1973க்குப் பின், வீட்டில் டி.வி. ஓடினால் 1975க்குப் பின். பி.யு.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்பில் படிக்கும் நாயகி பிளஸ் டூ வந்த 1978ஐத் தாண்டி அதிக தூரம் வரமாட்டாள். பிற்காலத்தில் எழுதி முற்காலத்தில் நடப்பதாகச் சொல்லும் கதையில் இந்தக் கணக்கு தப்பும். இரண்டு மூன்று தடயங்கள் ஒத்துப்போனால் மட்டும் நம்பலாம்.

உறுதியாகத் தெரிய மூல இதழையே பார்ப்பது நல்லது. சென்னைவாசிகளுக்கு இதில் யோகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா, 1954 சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியைப் பெறும் நூலகங்களில் ஒன்று. வீட்டிலிருந்தே தேட, தமிழ் மின் நூலகம். போகிறவர்கள் நாவல் தலைப்பைச் சொல்லிக் கேட்டால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். தொடர்கதை இதழின் பெயரில்தான் பைண்டு தொகுதியாக இருக்கும். தொடராக வந்தபோது வேறு தலைப்பு இருந்திருக்கவும் கூடும். இதழின் பெயர், உத்தேச ஆண்டு, எழுத்தாளரின் புனைபெயர் மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். தொகுதி கிடைத்தால் தொடர் ஓடிய வாரங்களின் வாசகர் கடிதங்களையும் புரட்டுங்கள். நாயகியின் முடிவை அன்றைய வாசகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது.

தொடராக வந்தது என்று தெரிந்தாலே படிக்கும் முறையும் மாறும். வாரத்துக்கு ஒன்றாக வந்த அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்தால், தவறிப்போன கடிதம், தற்செயல் சந்திப்பு, மயங்கி விழும் அத்தை எல்லாம் அடுத்தடுத்து வந்து சிரிப்பு மூட்டும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அவை அவற்றுக்குரிய தூரத்தில் நிற்கும். அத்தியாயத் தொடக்கத்தில் 'போன வாரம் பார்த்தோமே' என்ற தொனியில் வரும் இரண்டு மூன்று வரிகள் விட்டுவிட்டுப் படித்தவர்களுக்கானவை, தாண்டிப் போகலாம். மாத நாவலில் தொல்லை வேறு விதம். அங்கே பக்கம் ஃபாரக் கணக்கு, ஒரே தாளாக அச்சிட்டு மடிக்கும் ஒரு ஃபாரம் 16 பக்கம். கதை நீண்டுவிட்டால் கூடுதல் தாள் கிடைக்காது. ஆகவே வில்லி திருந்துவது, உயில் வெளிப்படுவது, கல்யாணம் மூன்றும் கடைசி நான்கு பக்கத்தில் முடிந்துவிடும். அதை எழுத்தாளரின் அவசரம் என்று மட்டும் கொள்ளாதீர்கள்.

புதிதாகக் கணினியில் ஏற்றுகிற பதிப்பகங்களுக்கும் சில வார்த்தை. மென்பொருள் 'ா'வை 'ர' என்று வாசிக்கும், துதிக்கை லையைக் கண்டால் திணறும். மூலத்தோடு ஒப்பிட்டு ஒருவர் வரிவரியாகப் பார்த்தே தீர வேண்டும். இதைவிட மோசம், காட்சி மாறும் இடத்தில் இருந்த மூன்று நட்சத்திரக் குறிகள் காணாமல் போவது. ஊட்டி பங்களாவில் நாயகன் ஜன்னலைச் சாத்துகிறான், அடுத்த வரியில் மயிலாப்பூரில் மாமி காப்பி ஆற்றுகிறாள். நடுவில் ஒரு வரி இடைவெளிகூடக் கிடையாது. ஓவியங்களையும் கைவிட்டுவிடுகிறார்கள். தொடர்கதையில் நாயகியின் புடவைக் கட்டையும் கூந்தல் அலங்காரத்தையும் வாசகருக்குக் காட்டியது பாதி ஓவியர்தான். உரிமை கிடைக்கவில்லை என்றால் ஓவியர் பெயரையாவது போடலாமே.

பழைய பிரதி வைத்திருப்பவர்கள் இரண்டை மட்டும் செய்தால் போதும்: துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை மெல்லக் கழற்றிவிட்டு அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள், கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பசை கசிந்து தாளைப் பழுப்பாக்கி எழுத்தையும் மறைத்துவிடும்.

பதிப்பகங்களிடம் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'இன்ன இதழில், இன்ன ஆண்டு தொடராக வந்தது, நூலாக முதலில் இன்ன ஆண்டு.' ஆண்டு கிடைக்காவிட்டால் எந்தப் பிரதியைப் பார்த்து அச்சிட்டோம் என்று சொன்னால்கூடப் போதும். உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். நூல் மதிப்புரைகளில் விலை, பக்கம், பதிப்பகத்தின் தொலைபேசி எண் போடுகிறீர்கள். மறுபதிப்பு நாவலாக இருந்தால் அந்தக் கட்டத்திலேயே முதலில் வெளியான ஆண்டையும் சேருங்கள். தெரியாத இடத்தில் 'பதிப்பில் குறிப்பு இல்லை' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.