மார்கே பூனை: உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் மார்கே, மெக்சிகோ முதல் அர்ஜென்டினாவின் வடபகுதி வரையுள்ள காடுகளில் வாழும், மூன்று நான்கு கிலோ எடையே கொண்ட காட்டுப்பூனை. பின்னங்கால் கணுக்களைப் பின்னோக்கித் திருப்ப முடிவதால், அணிலைப் போல மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும் இது, ஒற்றைப் பின்னங்காலால் கிளையைப் பற்றித் தொங்கவும் வல்லது. முன்பு தோலுக்காக ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டது. பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தபின் அந்த வேட்டை பெரிதும் குறைந்தாலும், காடழிப்பு நிற்கவில்லை. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால், இழந்த எண்ணிக்கை மீள நெடுங்காலம் பிடிக்கும் என்பதே என் பெருங்கவலை. ஆகவே, மார்கே குட்டிகளை வீட்டில் வளர்ப்பதாகக் காட்டும் காணொளிகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இங்கே பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்; குட்டிகளைக் காட்டிலிருந்து பிடித்து விற்போருக்கே அவை வாங்குவோரைச் சேர்த்துக் கொடுக்கும்.