புது வண்டி, பழைய துரு

மாப்ள,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்ததற்கு நீ திட்டப்போகும் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டதாகவே வைத்துக்கொள். தாடி பேசினான், அந்தக் குடை விவகாரத்தை இன்னும் விடவில்லை. உன் மச்சினன் வேலைக்குப் போகிறானா, இல்லை இன்னும் ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறானா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி வாங்கிவிட்டேன். நீ வேண்டாம் என்ற அதே கறுப்பு. ஆனால் சேதி அதுவல்ல. புது வண்டி துருப்பிடித்திருக்கிறது. சிரிப்பதானால் இப்போதே சிரித்து முடித்துவிடு.

முதல் சர்வீஸுக்கு விடுவதற்கு முந்தின நாள் துணியும் கையுமாக உட்கார்ந்தேன். சைடு ஸ்டாண்டு சட்டத்தோடு சேருகிற இடத்தில் வெல்டிங் மேடு தட்டி நிற்குமே, அதன் ஓரத்தில் மயிரிழை கனத்துக்கு ஒரு செந்நிறக் கோடு. காய்ந்த சேறாக இருக்கும் என்று நகத்தால் கீறினேன். பெயிண்ட் பொருக்காக எழுந்து வருகிறது. அடியில் இரும்பைக் காணோம், பழுப்புப் பொடிதான். அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினால் எங்கே பார்த்தாலும் அதுதான்: பின்சீட்டுக்காரர் கால் வைக்கிற கம்பியின் அடிப்பக்கம், செயின் கவர் போல்ட்டுகள், சைலன்சர் பெண்டு குழாய் இன்ஜினோடு சேருகிற கழுத்து.

ஷோரூம் பையன் சொன்னதைக் கேள்: "சார், இது எல்லா வண்டியிலயும் வர்றதுதான், கழுவும்போது தண்ணி நின்னிருக்கும்." நான் கழுவவே இல்லையேடா என்றால் மென்று விழுங்குகிறான். வாரண்டி புத்தகத்தைத் திறந்தால், முலாம், பெயிண்ட், துரு எதற்கும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நானும் விடவில்லை. தேதியோடு படம் எடுத்துக் கொடுத்து, ஜாப் கார்டில் துரு என்று எழுதவைத்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். ஸ்டாண்டை மட்டும் மாற்றித் தருவதாக இப்போது இறங்கி வந்திருக்கிறார்கள். வாயால் சொன்னால் காற்றோடு போயிருக்கும்.

புது வண்டிக்கு எப்படி என்று கேட்பாய். நமக்குத்தான் புதுசு. இரும்புக்கு வயது அது சட்டமான நாளிலிருந்து ஓடுகிறது. பில்லில் இருக்கிற தேதியைப் பார்க்காதே, சட்டத்தில் அடித்திருக்கும் தகட்டில் தயாரித்த மாதத்தைப் பார். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-இல் 23-ஆவது வாரம் செய்த டயர். அந்த இரண்டையும் பில்லோடு ஒப்பிட்டால், வண்டி நம் கைக்கு வருமுன் எத்தனை மாதம் லாரியிலும் திறந்த வெளியிலும் நின்றிருக்கக்கூடும் என்று ஒரு கணக்கு கிடைக்கும். இதைப் பார்க்காமல் மைலேஜை மட்டும் கேட்டுவிட்டு வண்டி எடுக்கிறோம்.

வெல்டிங் ஓரத்தில்தான் ஏன் முதலில் பிடிக்கிறது தெரியுமா? பெயிண்ட் காயும்போது கூரான ஓரத்தை விட்டு விலகி இழுத்துக்கொள்ளும், அங்கே படலம் மெலிந்து போகும். போதாததற்கு, வெல்டிங் தெறித்த துணுக்கையும் கசடையும் சுத்தமாக நீக்காமல் மேலேயே அடித்துவிட்டால் பெயிண்ட் பிடிப்பே இருக்காது. ஊசிமுனை அளவு வழி கிடைத்தால் போதும், தண்ணீரும் காற்றும் உள்ளே போய்விடும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் அடைக்கிற பொருள், அதனால் அடியிலிருந்து பெயிண்ட்டைத் தானே நெம்பித் தூக்கும். தூக்கிய இடத்தில் இன்னும் தண்ணீர். அலுமினியமும் காற்றோடு சேர்ந்து ஆக்சைடு ஆகத்தான் செய்கிறது, ஆனால் அது நானோமீட்டர் கணக்கில் படிந்து, ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு போகவிடாமல் காவல் நிற்கும். துரு உதிர்ந்து விழுந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிடும். இரண்டும் உலோகம்தான், குணத்தைப் பார்.

இரும்பு நனையத்தான் வேண்டும் என்றில்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் அதன் மேல் படிந்துவிடும். அதில் உப்பு கலந்துவிட்டால் வேகம் பிடிக்கும், கடல் காற்றானாலும் சரி, கையில் வழிகிற வியர்வையானாலும் சரி. இதனால்தான் பிளாஸ்டிக் கவரைப் போட்டு வண்டியை மூட்டை கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஈர வண்டியையும் சூடு ஆறாத வண்டியையும் காற்றுப் போகாத கவருக்குள் வைத்தால் அது உள்ளேயே வியர்த்து நிற்கும். கூரைக்கு அடியில் திறந்து நிற்பது எவ்வளவோ மேல்.

இனி உனக்கும் எனக்கும் உள்ள பழைய சண்டை. தினம் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி உறுமவிட்டு அணைத்தால் வண்டி நன்றாக இருக்கும் என்பாயே, சைலன்சரைக் கொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. ஓடிச் சூடேறிய சைலன்சரில் அது அப்படியே பறந்துவிடும். ஆறிக் கிடக்கிற சைலன்சரில் உள்ளேயே குளிர்ந்து, கரி, அமிலத்தோடு கலந்து தேங்கும். வெளியே மெழுகு போட்டுப் பளபளவென்று வைத்திருப்பாய், உள்ளிருந்து ஒரு நாள் ஓட்டை விழும். சில சைலன்சர்களில் அடியில் சின்னத் துளை இருக்கும், அந்தத் தண்ணீர் வடியத்தான். உன் மச்சினன் அதை ஓட்டை என்று அடைத்தானே, ஞாபகம் இருக்கிறதா?

அந்த மகானுடைய இன்னொரு யோசனையும் வந்து சேர்ந்தது: போல்ட் எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிவிடு, துருவே பிடிக்காது என்று. போல்ட்டுக்குப் பிடிக்காது, வாஸ்தவம். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியப் பாகத்தில் உட்கார்ந்து நடுவே ஈரமும் சேர்ந்தால் பேட்டரி வேலைதான் நடக்கும். போல்ட் தப்பிக்கும், அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும். மரையைக் கவ்விக்கொண்டு கழற்றவும் வராது. மரையில் ஆன்டி-சீஸ் என்கிற, இறுகாமல் தடுக்கும் பசையைத் தடவிப் போட்டால் தாங்கும். அதுவும் கவர், கார்டு மாதிரி இடங்களுக்குத்தான். பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம், அதன் போல்ட்டை இப்படி மாற்றவே கூடாது. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டின் இழுவிசைத் தாங்கும் திறன் 800 மெகாபாஸ்கல், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு 700-தான். பளபளப்புக்காக பிரேக்கில் கைவைப்பார்களா? கம்பெனி போல்ட்டில் துத்தநாக முலாம் இருக்கிறது. அது முதலில் வெள்ளையாகப் பூக்கும், தான் அழிந்து இரும்பைக் காப்பாற்றும். சிவப்பு தெரிய ஆரம்பித்தால் முலாம் தீர்ந்தது என்று பொருள், அதே தரத்தில் புதுசு வாங்கிப் போடு, முடிந்தது கதை.

ஸ்டாண்டு வரும்வரை மற்ற இடங்களை நானே பார்த்துக்கொண்டேன். இதில் எனக்கு ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது என்று வீட்டில் பேச்சு. பொருக்கைச் சுரண்டிவிட்டு, உப்புத்தாளில் 180-ஆம் நம்பர் போட்டுத் தேய்த்து, பிறகு 320-இல் ஓரத்தை இழைத்தேன். பெயிண்ட் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாத வரைக்கும் தேய்க்க வேண்டும், அங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தின்னரில் துடைத்து, துருவை வேறு பொருளாக மாற்றுகிற ரஸ்ட் கன்வெர்ட்டரைத் தூரிகையால் தொட்டுவைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு கருநீலமாகி, கறுப்பாகிறது. டப்பாவில் என்ன மந்திரம் என்று பார்த்தால் டானிக் அமிலம். கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் கலந்து மை காய்ச்சினார்களே, அதே வித்தை! கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. சில டப்பாக்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், அது துருவை இரும்பு பாஸ்பேட் ஆக்குகிறது. டெல்லி இரும்புத் தூண் 1,600 வருஷமாக மழையில் நின்றும் கரையாமல் இருப்பதற்கு அந்த இரும்பில் மிகுந்திருக்கிற பாஸ்பரஸ்தான் முக்கியக் காரணம் என்கிறார்கள், மேலே பாஸ்பேட் படலம் காவல் நிற்கிறதாம். நம் வண்டி அவ்வளவு நாள் நிற்க வேண்டாம், தவணை முடியும்வரை நின்றால் போதும். கன்வெர்ட்டரோடு விட்டுவிடாதே, அது பூட்டுப் போடாத கதவு. காய்ந்ததும் எபாக்சி பிரைமர், அதன் மேல் பெயிண்ட்.

குரோம் பாகத்தில் மட்டும் உப்புத்தாளைக் கொண்டுபோகாதே. அலங்காரக் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். உண்மையில் இரும்பைக் காப்பது அதன் அடியில் இருக்கிற நிக்கல். புள்ளி புள்ளியாகத் துரு தெரிந்தால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய், அலுமினியம் குரோமைவிட மெது, கீறாது. இரும்பு நார் வேண்டாம். அது உதிர்க்கிற துணுக்குகள் அங்கேயே தங்கி அவையே துருப்பிடிக்கும்.

நீ எதற்கெடுத்தாலும் பீய்ச்சுகிற டபிள்யூடி-40 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1953-இல் கண்டுபிடித்தது, அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரை விரட்டுவதற்காக. இறுகிய போல்ட்டுக்கு நல்லது, கழுவிய பிறகு ஈரத்தை விரட்ட நல்லது. மாதக்கணக்கில் காவல் இருக்க அதனால் ஆகாது, அதற்கு மெழுகோ கிரீஸோதான். பிரேக் டிஸ்க் பக்கம் அதைக் கொண்டே போகாதே.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அழகுத் துரு. பார்க்க எரிச்சலாக இருக்கும், ஆளை ஒன்றும் செய்யாது. இனி எழுதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. பெரியவள் உன் பழைய வண்டியைத்தான் காலேஜுக்கு எடுத்துப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து என் வண்டியைத் தேய்க்கும்போதெல்லாம் அந்த வண்டியின் முன் ஃபோர்க்தான், முன் சக்கரத்தைப் பிடித்து நிற்கிற அந்த இரட்டைக் குழாய்தான், ஞாபகம் வருகிறது. போன முறை வந்தபோதே அதில் புள்ளி விழுந்திருந்தது.

ஃபோர்க் குழாயின் குரோம், சைலன்சரின் குரோம் மாதிரி வெறும் அழகுக்கில்லை. உள்ளே இருக்கிற ஆயில் கசியாமல் பிடிக்கிற ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல், அதன் மேல்தான் மேலும் கீழும் வழுக்குகிறது. அங்கே ஒரு குழி விழுந்தால் அதன் கூர் ஓரம் ஒவ்வொரு பள்ளத்திலும் சீலின் உதட்டைக் கீறும். சீல் கிழிந்தால் ஆயில் கசிந்து, வழிந்து, நேரே கீழே இருக்கிற டிஸ்க்கிலும் பேடிலும் இறங்கும். அவள் அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது பிரேக் இருக்காது. வண்டியைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் குழாயின் மேல் மெல்ல இழுத்துப் பார். சீல் போய்வருகிற பகுதியில் நகம் மாட்டினால் தேய்த்துச் சமாளிக்கிற வேலையே வேண்டாம், குழாயை மறுபடி ஹார்டு குரோம் போடக் கொடு, இல்லை புதுசு மாற்று. சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் அதே குழியில்தான் கிழியும். குழாயைச் சுற்றி ஆயில் வளையம் தெரிந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடு.

பின் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் போகிற கேபிள்களின் முனையைப் பார். உறைக்குள் துருவேறியிருந்தால் லீவர் இழுக்கக் கரகரக்கும், முனைக் குண்டுக்குப் பக்கத்தில் ஓரிரு இழை அறுந்து நிற்கும். ஆயில் விட்டு ஒப்பேற்றாதே, மாற்று. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆர்ம் அடிப்பக்கத்தையும் சென்டர் ஸ்டாண்டு மாட்டுகிற இடத்தையும் ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டு. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். சட்டக் குழாயில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் சேற்றில் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திற. செயினின் பக்கத் தகட்டில் மட்டும் துரு என்றால் மண்ணெண்ணெயில் துடைத்து, செயினுக்கான மசகு போட்டால் போதும். கண்ணி மடங்காமல் விறைத்து நின்றால் செயினையும் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

அந்த வண்டியின் மேல் உனக்கு இருக்கிற பாசம் எனக்குத் தெரியும். யார் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள் என்பதும் தெரியும். அதற்காக அவளை அதில் அனுப்பாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டு, நகம் எங்கே மாட்டியது, சீலிலிருந்து எத்தனை விரற்கடை மேலே என்று எழுது, படமும் அனுப்பு. சரியாக இருக்கிறது என்று ஒற்றை வரி அனுப்பினால் நம்பமாட்டேன். சீல் அளவு எனக்குத் தெரியும். குழாய் மாற்ற வேண்டியிருந்தால் சொல், வாங்கிக்கொண்டு நானே வருகிறேன், ரெண்டு பேருமாக உட்கார்ந்து மாட்டிவிடலாம். அதுவரை அவள் பஸ்ஸில் போகட்டும்.

உன்
மச்சான்